அக்காவின் மிஷினில் ஒரு கோளாறும் இல்லை

அத்தான் மறுபடியும் அந்தத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய தையல் மிஷின்களுக்கு ஒயர் மாற்றி, மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் கையை விட்டுப் போன மிஷின் அந்த மாதமே திரும்பி வருவது கன்னத்தில் அறை வாங்குகிற மாதிரி. வெளியாளாக இருந்தால், "நீங்க என்னத்த நோண்டுனீங்க?" என்று பழியை அவர்கள் தலையில் கட்டிவிடலாம். சொந்த அக்காவிடம் அது செல்லாது.

"காலை எடுத்தப்புறமும் தானா ஓடுதாம்," என்றார் அத்தான். மிஷினை என் மேசைமேல் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லல மாப்ள, உங்க அக்கா சொல்றா. நான் வெறும் சுமை தூக்குறவன்."

அக்கா பின்னாலேயே வந்தாள். இடது ஆள்காட்டி விரலில் உருண்டையாகத் துணி சுற்றியிருந்தது.

"விரல்ல என்னக்கா?"

"எல்லாம் உன் கைங்கரியம்தான். நிறுத்துனேன், நிக்கல. ஊசி நகத்தோட இறங்கிடுச்சு." அதைச் சொல்லும்போதே அவளுக்கு ஒரு பெருமை. "ஆனா நான் ஒரு சத்தம் போட்டேனான்னு கேளு. இந்த மனுஷன்தான் மயக்கம் போட்டு விழுந்தாரு."

"ஆமா மாப்ள. இவ பாட்டுக்குச் சக்கரத்தைத் திருப்பி ஊசிய மேல எடுத்துட்டு, துணியில ரத்தம் பட்டுச்சான்னு பாக்குறா. நான் அங்கயே சாஞ்சுட்டேன்."

நான் சிரித்தேன். அக்காவின் வீறாப்பு எனக்குப் பால்குடி நாளிலிருந்தே பழக்கம். பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே முறுக்கைக் கேட்டவள் அவள்.

மிஷின் அவள் கல்யாணத்துக்கு முன்பே பழசு. கறுப்பு உடம்பு, முதுகில் ஒரு தொப்பை மோட்டார், ஊசிக்குப் பக்கத்தில் தகட்டு மூடி போட்ட ஒரு விளக்கு, தரையில் ஒரு மின்சார மிதி. மிதியை அழுத்த அழுத்த மோட்டார் வேகமெடுக்கும், காலை எடுத்தால் நிற்க வேண்டும். இதை வைத்துக்கொண்டுதான் அக்கா அந்தத் தெருவுக்கே துணி பிடித்தும் பிரித்தும் கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், யார் பெருத்ததை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சர்க்கரை வந்த பிறகு அத்தான் எத்தனையோ தடவை "போதும், விட்டுடு" என்று சொல்லிப் பார்த்துவிட்டார். "விட்டுட்டு? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்பாள். விளையாட்டாகச் சொல்வதுதான். ஆனால் தையல் இல்லாமல் அவள் ஒரு பகல் பொழுதைக் கழித்து நான் பார்த்ததில்லை.

தானாக ஓடுவது பழைய மிஷின்களில் கேள்விப்படாத வியாதி இல்லை. மிதிக்குள் இருக்கும் கண்டென்சர் கெட்டுப்போனால், கால் வைக்காமலே மோட்டாருக்குக் கரண்ட் கசியும். முதல் தடவை வந்தபோதே அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டிருந்தேன். ஒயர்களின் மேலிருந்த ரப்பர் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மோட்டார் ஒயர், மிதி ஒயர், விளக்கு ஒயர் எல்லாவற்றையும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், நல்ல பிள்ளை மாதிரி ஓடியது, நின்றது.

இந்தத் தடவை மிதியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். கரித்துண்டுகளைத் துடைத்து அடுக்கினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். பிளக்கைச் சொருகிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டு எழுந்து வந்தேன். மிஷின் ஒரு இம்மிகூட அசையவில்லை. பிறகு காலை வைத்து அழுத்தினேன், ஓடியது. எடுத்தேன், நின்றது. வாடிக்கையாளர்களை என் மேசையில் உட்கார்ந்து ஓட்ட நான் விடுவதே கிடையாது. விட்டால் ஆளுக்கொரு நொட்டை சொல்வார்கள். என் கால் சரி என்றால் சரி. மிஷினை அனுப்பிவிட்டேன்.

மறுநாளே அக்கா போன் செய்தாள். "டேய் கரண்டு, இன்னும் ஓடுதுடா. காது குத்தாத, ஒழுங்கா வந்து பாரு."

அவள் வீட்டு லைனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பிளக்கில் சோதித்தேன், சரியாக இருந்தது. கடைசியில் மேசைக்கு அடியில் புகுந்து மிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஓட்டுக்கா."

மோட்டார் உறுமியது. தலைக்கு மேல் ஊசி தடதடத்தது.

"இப்ப நிறுத்து."

"நிறுத்திட்டேன். பாத்தியா? இன்னும் ஓடுது! நான் பொய்யா சொல்றேன்?"

அவள் கால் மிதியின் மேலேயே இருந்தது. குதிகால் லேசாக எழும்பியிருந்தது, ஆனால் கட்டைவிரல் மிதியை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. நான் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். மோட்டார் நின்றது.

"அட, நின்னுடுச்சே!" என்றாள் மேலேயிருந்து, உற்சாகமாக. "என்னடா பண்ணுன? எந்த ஒயர்?"

அவள் பாதம் என் கையில் இருந்தது. அது சில்லென்று இருந்தது. நான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. பாதத்தை மெதுவாகத் தரையில் வைத்தேன். இரண்டு தடவையும் நான் என் காலை வைத்தல்லவா சோதித்தேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு குச்சி முனையால் பாதத்திலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டே வந்தார். கெண்டைக்கால் தாண்டிய பிறகுதான் "ம், இப்பத் தெரியுது," என்றாள். சர்க்கரையால் நரம்பு செத்துப்போயிருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, "கையையும் பார்த்துடலாம், கொடுங்கம்மா," என்று கேட்டார்.

அக்கா இரண்டு கைகளையும் மடியில் இடுக்கிக்கொண்டாள். "கையெல்லாம் நல்லா இருக்கு டாக்டர். ஊசியில நூல் கோக்குற கை. அதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஆமா டாக்டர்," என்றேன் நானும். "கை ரொம்ப சுத்தமா வேலை செய்யும்." வெளியே கூட்டம் நின்றது. அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு மணியை அடித்தார்.

வரும் வழியில் அக்காதான் எங்களுக்குத் தைரியம் சொன்னாள். "கால் போனா போகுது. நான் காலாலயா தைக்கிறேன்? எனக்குக் கை இருக்கு."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காலை நம்பாமல் அந்த மிஷினை ஓட்ட ஒரே வழி முழங்கால்தான். சில பழைய மிஷின்களில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கம்பி தொங்கும். முழங்காலால் பக்கவாட்டில் தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும். என்னிடம் கிடந்த ஒரு உடைசல் மிஷினிலிருந்து அந்தக் கம்பியைக் கழற்றினேன். மிதியைத் தூக்கி மேசையின் அடிப்பக்கம் பொருத்தி, கம்பி அதை அழுத்துகிற மாதிரி வளைத்து, அவள் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். பட்டால் உறுத்தாமலிருக்க முனையில் ரப்பர் சுற்றினேன். இந்த மாதிரி ஒரு வேலையை நான் யாருக்கும் செய்ததில்லை. முடித்தபோது எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

இந்தத் தடவை அவளையே உட்கார வைத்தேன். முழங்காலைத் தள்ளினாள், ஓடியது. விட்டாள், நின்றது. மறுபடி தள்ளினாள், மறுபடி விட்டாள். குழந்தைக்கு மணி கிடைத்த மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். அத்தான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "போச்சு, இனி ராத்திரி பகல் இதே சத்தம்தான்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

அப்புறம் அவள் நிறுத்தவேயில்லை. எதிர்வீட்டுக்காரரின் கால்சட்டையை எடுத்து இடுப்பைப் பிரித்துத் தைக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஓடியிருக்கும். தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

"இந்த மனுஷன் இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு," என்றாள். "மிச்சம் வெச்சிருந்த துணியெல்லாம் தீந்து போச்சு. இன்னும் இளைச்சாருன்னா பக்கத்துல வேற துணிதான் ஒட்டுப் போடணும்!"

சொல்லிவிட்டு வேலையை நிறுத்தி, தையலைக் குனிந்து பார்த்தாள். பார்க்க வசதியாக இடது கையை விளக்கின் தகட்டு மூடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

அந்தத் தகடு எனக்குத் தெரியும். பல்பு அவ்வளவு நேரம் எரிந்த பிறகு அதைத் தொட்டால் கை தானாகத் துள்ளும். எத்தனையோ தடவை எனக்குத் துள்ளியிருக்கிறது. அவள் கை துள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரரைப் பற்றி மேலே மேலே பேசிக்கொண்டிருந்தாள், கை அங்கேயே இருந்தது. விரலில் ஊசி இறங்கியபோது ஒரு சத்தம்கூடப் போடாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது வீறாப்பு இல்லை.

"அக்கா, கையை எடு."

"எந்தக் கைய?"

"லைட்டு மேல வெச்சிருக்கியே, அந்தக் கைய."

பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் எடுத்தாள். சுட்டதால் எடுக்கவில்லை, நான் சொன்னதால் எடுத்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே நீளமாகத் தோல் சிவந்து, ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தருடைய துணியில் கறை பட்டதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"ரொம்பச் சூடாடா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

பச்சைத் தண்ணீர் கொண்டு வந்து அவள் கையை அதில் அமிழ்த்திப் பிடித்தேன். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு பையைத் துழாவி, சூடாகாத சின்ன எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்து அந்த விளக்கில் மாட்டினேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன செய்ய வரும்? நான் ஒயர் மாற்றுகிறவன். புது ஒயர் போட முடிகிற இடமெல்லாம் போட்டாயிற்று.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?" வாசலிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "மறுபடி மிஷின் மக்கர் பண்ணுதா?"

அக்கா ஈரக் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், சொல்லாதே என்பது போல.

"இல்லங்க," என்று அவளே உரக்கச் சொன்னாள். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல."