கால்மாட்டுக் கட்டை

"அண்ணி, பெஞ்சு ஆடுதுங்க. ஒரு கட்டை இருந்தாக் குடுங்க!"

வாசலிலிருந்து குரல் கொடுத்தவன் இன்னாசி, இறந்தவரின் தம்பி. கோவிலிலிருந்து தூக்கி வந்த நீண்ட பெஞ்சு பாப்பாரப்பட்டிச் செம்மண்ணில் நிலைகொள்ளவில்லை. அதன்மேல்தான் சவுரியப்பனின் பெட்டியை வைக்க வேண்டும். நான்கு மணிக்கு அடக்கம்.

உள்ளே லூர்துமேரி கணவனுடைய சமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கட்டைக்கா அந்த வீட்டில் பஞ்சம்?

பம்பாயில் நம்மவர்கள் தம் கையாலேயே போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கிய காலத்தில், அவற்றின் அடியில் மரமுட்டுக் கொடுக்கும் தச்சராகச் சேர்ந்தவர் சவுரியப்பன். மலைகளின் பெயர் சூட்டிய கப்பல்கள் ஆறு. பின்னர் நதிகளின் பெயர் சூட்டியவை. "கப்பல் எறங்கட்டும், வர்றேன்" என்பதே கடிதந்தோறும் கடைசி வரி. கப்பல் கடலில் இறங்கும் நாளில் அடியிலிருந்து உருவிய முட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் வருவார். பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் எட்டுக் கட்டைகள். கதவுக்கு ஒன்று, ஆட்டுக்கல்லுக்கு ஒன்று, கட்டிலின் கால்மாட்டில் ஒன்று என்று அவை வீடெங்கும் கிடந்தன.

ஒன்பதாவது கப்பல் இறங்குவதற்கு முன்னரே நெஞ்சு பழுதாகி, எண்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் வந்து படுத்துவிட்டார். வெறுங்கையோடு வந்தது அதுவே முதல் முறை. வந்தாரேயொழிய வந்து சேரவில்லை. கண் விழித்தால், "கப்பல் எறங்கிடுச்சா?" என்பதே கேள்வி. கஞ்சி ஊட்டுகிறவளின் முகத்தைக் கடந்து அந்தக் கண்கள் எங்கோ போயின. ஒரு முறையேனும் அவை தன்மேல் தங்காவா என்று நான்கு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தாள்.

இன்று காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியதும் ஒரு பொய்க்குத் துணிந்தாள். மற்றக் கட்டைகள் புகையிலும் வெயிலிலும் கறுத்திருந்தன. கட்டிலடியில் இருந்ததே நிறம் மாறாதது. தோள் கொடுத்துக் கட்டிலை நெம்பி, அதை உருவி, விளக்கெண்ணெய் தடவி அவர் கையில் வைத்தாள்.

"எறங்கிடுச்சுங்க. பம்பாயிலிருந்து குடுத்தனுப்பியிருக்காங்க."

அவர் கட்டையைப் பார்க்கவில்லை. தலையணைமேல் தலையை மெல்ல அசைத்தார்.

"கட்டிலு வலப்பக்கம் சாயுது, லூர்து. கால்மாட்டுக் கட்டையத்தான உருவுன?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அவள் விழித்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது.

"கப்பலுக்கே முட்டுக் குடுத்தவன்கிட்டயா? இது ரெண்டாவது கப்பலோட கட்ட. அந்தத் தடவதான் நாப்பத்தோரு நாளு வூட்ல இருந்தேன்."

நாற்பத்தொன்று. அவள் மட்டுமே எண்ணி வைத்திருந்ததாக நினைத்த நாட்கள்.

"நீங்களுமா எண்ணுனீங்க?"

"போறப்ப மொரப்பூர் ரயிலடியில ஒக்காந்து எண்ணுனேன். ரயிலு ரெண்டு மணி நேரம் லேட்டு. நாலு தடவ எண்ணுனேன்."

அவர் கண்கள் அவள்மேல் நின்றன. கப்பலைப்பற்றிப் பிறகு அவர் கேட்கவில்லை. கோவிலில் பத்து மணி அடித்தபோதும் அந்தக் கண்கள் அங்கேயே இருந்தன. அவள்தான் அவற்றை மூடினாள்.

"எத்தன நேரமுங்க அண்ணி?" என்று இன்னாசியே உள்ளே வந்துவிட்டான். வெறுங்கட்டிலின் மேல் கட்டையைக் கண்டு கை நீட்டினான். "அட, இங்கயே கெடக்குது! நாங்க ஓட்டுத்துண்ட வெச்சு மல்லுக்கட்டிட்டு இருக்கறோம்."

"அது வேணாம் தம்பி."

"ஏனுங்க? எண்ணெயெல்லாம் தடவி வெச்சிருக்குது?"

"கதவுக்கட்டய எடுத்துக்க. ஆட்டுக்கல்லுது வேணுமா, அதயும் எடுத்துக்க. மொத்தத்தயும் வேணுன்னாலும் அள்ளிட்டுப் போ. இத மட்டும் உட்டுரு."

இன்னாசி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கதவுக்கட்டையை எடுத்துக்கொண்டு போனான். பெஞ்சு நின்றது. சாமியார் வந்து செபம் சொன்னார். துக்கமணி ஒலிக்கப் பெட்டி தெருவைக் கடந்தது.

கல்லறையிலிருந்து திரும்பிய பெண்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். லூர்துமேரி மட்டும் உள்ளே வந்தாள். கட்டையின் எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். குனிந்து, தோள் கொடுத்துக் கட்டிலை நெம்பி, அதைப் பழைய இடத்திலேயே செருகினாள். பின்பு உள்ளங்கையை ஊன்றிக் கட்டிலை அழுத்திப் பார்த்தாள்.

ஆடவில்லை.