துரைராசு ஐயா முன்னேறி நட்ட நடவு

தஞ்சாவூரில் உத்தியோகம் பார்த்து முடித்துவிட்டுப் பூதலூர்ப் பக்கம் அப்பன் வயலுக்கு வந்த துரைராசு, இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவார். அதன் கீழே தினமும் ஐம்பது பேர் ‘அருமை ஐயா’ போடுவார்கள். தங்கள் பக்கத்துக்கும் அவர் வந்து ஓர் ‘அருமை’ போடட்டும் என்றுதான்.

அவர் வயலில் நடவு நடும் ரெங்கம்மாளின் கணக்கு வேறு. நாற்பத்தெட்டு வயதில் எழுத்து கற்றவள், அங்கே கூட்டிக் கூட்டிப் படித்து முடித்த முதல் பக்கம் அவள் புருஷனைப் பற்றியது: ‘எங்கள் ஆள் காத்தான் குடிபோதையில் வடிகாலில் விழுந்து இறந்தார். பாவம்.’

காத்தான் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். வெள்ளம் கரை தட்டிய அன்று, “போய் மதகுப் பலகையத் தூக்குடா” என்று அவனை விரட்டியதே துரைராசுதான். அதைக் கீழே எழுதினாள். ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார். மறுபடி எழுதினாள். அதுவும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள், நடவுக்கு நடுவே கஞ்சி குடிக்கக் கரையேறியவள் செல்லைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னக்கா?” என்றாள் கூட நட்ட பூவிழி.

“நேத்து ஐயாவே எறங்கி நட்டாராம். ஒவ்வொரு நாத்தா ஊனி முன்னேறிப் போனாராம்.”

“முன்னேறியா? அப்ப நட்டதையெல்லாம் மிதிச்சில்ல துவைச்சிருப்பாரு! நாமல்லாம் பின்னால நவுந்துல்ல நடுறோம்!”

துரைராசு அன்று அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தார். செல்லைப் பார்க்க நேரமிருக்காது. ரெங்கம்மாள் ஒற்றை விரலால் தட்டினாள்: ‘நடுறவங்க பின்னாலதான் நகர்வாங்க. ஐயா வரப்பில் குடை பிடித்து நின்றார். நட்டது நாங்கள் ஏழு பேர்.’

வயல் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ‘அம்மா சொல்வது சரிதானே?’ ‘ஐயா, சேற்றில் இறங்கியதே இல்லையா?’ ‘நீங்கள் யாரம்மா?’

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். ‘காத்தான் பெண்டாட்டி’ என்று தொடங்கி, வெள்ளத்தன்று நடந்ததை முழுக்க எழுதினாள்.

துரைராசு மாலையைக் கழற்றுவதற்குள் இருநூறு பேர் படித்துவிட்டார்கள். போன் வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா ஏன் ரெங்கம்மா இப்படி? அழிச்சிடுறேன். பேசாம இரு.”

“அழிங்கய்யா. படிச்சவங்க மனசுலேர்ந்து எப்படி அழிப்பீங்க? அவரு குடிகாரரு இல்லன்னு உங்க கையால எழுதுங்க. அதுவரைக்கும் நீங்க எழுதுற ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் நான் நிப்பேன்.”

மறுநாள் பழைய பக்கத்தைத் திறந்தாள். ‘குடிபோதையில்’ என்பதை எடுத்திருந்தார். ‘மதகு திறக்கப் போனபோது’ என்று சேர்த்திருந்தார். இரண்டு முறை விரல் வைத்துப் படித்தாள். மனம் ஆறவில்லை.

கீழே தட்டினாள்: ‘போகச் சொன்னது யார்?’