காற்றில் வந்த தொலி

கல்லூரியின் மொட்டைமாடிக்குப் போக யாருக்கும் ஆசை இருந்ததில்லை. ஆடி மாதத்து வெயிலில் தரை காலைச் சுடும். மேற்குக் காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். ஆனால் பசுமை மன்றத்தின் பொறுப்பாளரான நவநீதகிருஷ்ணன் சார், "சோலார் மீட்டரைப் பாத்துட்டு வர ஒரு ஆள் வேணும்" என்று வகுப்பில் கேட்டபோது மஹ்ரீன் உடனே கை தூக்கினாள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு அவள். பெரிய கொள்கை எதுவும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் தூங்கி வழிவதைவிட மாடியில் நிற்பது மேல் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மாடியில் சோலார் தகடுகள் நான்கு வரிசை. நான்கும் ஒரே கம்பெனியினுடையவை, ஒரே சமயத்தில் மாட்டியவை. நான்கின் மேலும் அதே விருதுநகர் வெயில்தான் அடித்தது. அப்படியிருந்தும் மேற்கு ஓரத்து வரிசை மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகவே மின்சாரம் தந்தது. முதல் தடவை பார்த்தபோது மீட்டர் கோளாறு என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்திருந்தது.

கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து வயர்களை எல்லாம் சோதித்துப் பார்த்தார். "வயரிங்ல ஒரு குறையும் இல்ல சார். தகடே வீக்கா இருக்கலாம். மாத்தச் சொல்லி எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாரும் எழுதிப் போட்டார். தீபாவளிக்குப் பிறகு, கல்லூரிக்கு மதிப்பெண் போடும் பசுமைத் தணிக்கைக் குழு வரப்போகிறது; அதற்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்பது அவர் கவலை.

மஹ்ரீனுக்கு அந்தப் பதில் போதவில்லை. தகடு ஒன்று பழுதாகலாம். ஓரத்து வரிசையில் உள்ளவை அத்தனையும் பேசி வைத்துக்கொண்டு பழுதாகுமா?

அடுத்த முறை அவள் ஆர்த்தியையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஆர்த்தி சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல்காரி, தினமும் பஸ்ஸில் வருபவள். அவள் அப்பாவுக்கு அங்கே காலண்டர் அடிக்கும் பிரஸ். இருவரும் குனிந்து தகடுகளைப் பார்த்தார்கள். மேற்கு வரிசையின் கண்ணாடி மங்கியிருந்தது. தூசி எல்லாத் தகட்டிலும்தான் இருந்தது. ஆனால் மற்றவற்றில் விரல் வைத்தால் தூசி பறந்தது. இதில் விரல் வைத்தால் பிசுக்காய் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துணியால் துடைத்தபோது போவதற்குப் பதில் பரவியது.

"வெடி மருந்துத் தூசியா இருக்குமோ?" என்றாள் மஹ்ரீன்.

ஆர்த்தி சிரித்தாள். "உங்க ஊர்க்காரங்களுக்கு எதைப் பாத்தாலும் சிவகாசி மேலதான் சந்தேகம். மருந்துத் தூசின்னா மினுமினுன்னு மின்னும்டி. அம்புட்டுத் தூரத்துலருந்து பறந்து வந்து உங்க ஓர வரிசையில மட்டும் உக்காருமாக்கும்."

மஹ்ரீன் விரலை முகர்ந்து பார்த்தாள். எங்கோ நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஏன் அந்த வரிசையில் மட்டும் என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. மறுநாள் ஆர்த்தி பிரஸ்ஸில் வெட்டி ஒதுக்கிய காகித ரிப்பன்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். மேற்குக் கைப்பிடிச் சுவரிலும் தகடுகளின் சட்டங்களிலும் அவற்றை வரிசையாகக் கட்டினார்கள். சுவர் மேல் கட்டியவை கிழக்கே பார்த்து விறைத்து நின்றன. சுவரை அடுத்த முதல் வரிசையில் கட்டியவையோ மேலும் கீழும் சுருண்டு, சில சமயம் சுவரையே திரும்பிப் பார்த்தன. மேற்கிலிருந்து வரும் காற்று சுவரில் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் வந்ததும் சுழன்று, சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது. பாடப் புத்தகத்தில் படம் போட்டிருந்த சுழல் கண்முன்னே ஆடுவதை மஹ்ரீன் வெயிலையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படியானால் காற்று எதைச் சுமந்து வருகிறது?

ஆர்த்தி பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தாள். பிரஸ்ஸில் அச்சுப் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கும் லென்ஸ் அது. தூசியை வெள்ளைத் தாளில் தட்டி அதைக் கண்ணில் வைத்தாள் மஹ்ரீன். மண் இல்லை. சின்னச் சின்னக் கறுப்புச் செதில்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வெளுப்பு. ஏதோ ஒன்றின் தோல்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுடைய அம்மா பைரோஜா துணி ஊற வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுத்த மஹ்ரீன் அப்படியே நின்றுவிட்டாள். விரலில் முகர்ந்த அதே வாசனை.

"ஏம்மா, அத்தா சட்டைய மட்டும் ஏன் வெந்நீர்ல போடுறீக?"

"பச்சைத் தண்ணியில போகாதும்மா. மில்லுத் தூசி எண்ணெய்ப் பிசுக்கு. உளுந்துக்கு எண்ணெய் தடவித்தானே தொலி உரிக்காக."

அவள் அத்தா கமாலுதீனின் பருப்பு மில் கல்லூரிக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி இருந்தது. மாடியில் நின்றால் அதன் தகரக் கூரை தெரியும். ஒவ்வொரு முறையும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள், கூரையாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் முழுக்க அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாரிடம் சொன்னால் மில்லுக்கு நோட்டீஸ் வருமோ என்ற பயம். சொல்லாமல் இருந்தால் நல்ல தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள், அவையும் மங்கும். இரண்டுக்கும் நடுவில், கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற அரிப்பு வேறு. மறுநாள் மதியம் தூசி மடித்த தாளையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

கமாலுதீன் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"உளுந்தந்தொலிதான்" என்றார். "சந்தேகமே இல்ல. ஆனா நம்ம மில்லுத் தொலிதான்னு எப்படிச் சொல்றே? அந்தப் பக்கம் இராமகிருஷ்ணன் அண்ணாச்சி மில்லும் இருக்கு. அவுகளும் உளுந்துதான் ஓட்டுதாக. தொலியில பேரா எழுதியிருக்கு?"

அத்தா கேட்டது சரியான கேள்வி. அதை அவள் யோசிக்கவே இல்லை.

அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பாசிப்பயறு ஆர்டர் ஒண்ணு கெடக்கு" என்றார். "அடுத்த வாரம் ஓட்டலாம்னு இருந்தேன். நாளைக்கே ஓட்டுறேன். இந்தப் பக்கம் வேற யாரும் இப்ப பாசிப்பயறு ஓட்டல. பாசிப்பயறுத் தொலி பச்சை. ஒங்க மாடியில பச்சையா விழுந்துச்சுன்னா நம்மளது. கறுப்பாவே விழுந்துச்சுன்னா நான் போயி அண்ணாச்சிகிட்டப் பேசுறேன்."

மஹ்ரீன் அவரையே பார்த்தாள். வேண்டுமென்றால் அவர் இந்தப் பேச்சை அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம்.

"என்னம்மா பாக்குறே? எனக்கும் தெரியணும்ல."

மறுநாள் மேற்கு வரிசையைச் சோப்பு நீரால் சுத்தமாகக் கழுவினார்கள். பிறகு கண்ணாடித் துண்டு ஒன்றில் தேங்காய் எண்ணெய் தடவி, வருவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று தகடுகளுக்கு நடுவில் வைத்தார்கள். மாலையில் ஆர்த்திதான் முதலில் லென்ஸை வைத்தாள். பிறகு மஹ்ரீனிடம் நீட்டினாள்.

கறுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. மற்றதெல்லாம் பச்சை. கிளியின் சிறகைப் பொடித்துப் போட்டது போல அத்தனை அழகான பச்சை.

மில்லுக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கமாலுதீன் முதலில் சிரித்தார். "பாரேன், ரயில் பாதையத் தாண்டிப் போயிருக்கு" என்று ஏதோ தம் பிள்ளை பந்தயத்தில் ஓடி ஜெயித்தது போலச் சொன்னார். பிறகு சிரிப்பு அடங்கியது. கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தகரக் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ளாற வேலை பாக்குறவுகளுக்கு இருமல்னுதான் போன வருசம் அந்தக் குழாயை ஒசத்தி வச்சேன். இருமல் நின்னுபோச்சு. தூசி எங்க போகுதுன்னு நான் கேக்கவே இல்ல."

அவர் குழாயைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் இருமல் திரும்பி வரும். அதற்குப் பதில் மதுரையில் ஒரு மில்லுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பஜாரில் ஒரு தையல்காரரிடம் காடாத் துணியில் ஆளுயரப் பைகள் தைக்கச் சொன்னார். குழாயின் வாயில் அவற்றை மாட்டினால் காற்று துணி வழியே போய்விடும், தூசி பைக்குள் நிற்கும். முதலில் தைத்த பை காற்றின் வேகத்தில் கிழிந்து ஊரெல்லாம் தூசியானது. இரண்டாவது முறை துணியை இரட்டையாக மடித்துத் தைத்தார்கள், அது நின்றது. பையில் சேர்ந்த தூசியை மாட்டுத் தீவனக்காரர் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார்.

மேற்கு வரிசை நிமிர்ந்தது. மற்ற மூன்றுக்கும் இணையாக வராவிட்டாலும், பக்கத்தில் வந்து நின்றது. நவநீதகிருஷ்ணன் சார் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மஹ்ரீன் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் அவர் சொன்ன ஒன்று மட்டும் அவளுக்குச் சுருக்கென்றது.

"நல்ல வேலை பண்ணிருக்கீங்கம்மா. தணிக்கை அறிக்கையில போட்ரலாம். வெளியிலருந்து வந்த மாசை வளாகம் கண்டுபிடிச்சுத் தடுத்ததுன்னு. நம்ம வளாகத்துக்குள்ள மாசுங்கிற பேச்சுக்கே இடமில்லையே."

அவள் அதை அத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அதற்கு ஒரு பதில் வரவிருந்தது. ஏனென்றால் கமாலுதீனுக்கு அதற்குள் கண்ணாடி வைக்கும் பித்து பிடித்திருந்தது. மில் கூரையில் தாமே ஒரு கண்ணாடித் துண்டில் எண்ணெய் தடவி வைத்து, பை சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்தார். ஆர்த்தியின் அப்பாவிடம் சொல்லித் தமக்கென்று ஒரு லென்ஸும் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது. காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் காலையில் அவர் கண்ணாடித் துண்டை ஒரு டப்பாவில் வைத்து மகளிடம் நீட்டினார்.

"இது தொலி இல்ல. நரம்பு நரம்பா இருக்கு. ஒனக்கு என்னன்னு தெரியுதா?"

கறுத்த, மெல்லிய துணுக்குகள். தொட்டால் பொடிந்தன. சிலவற்றில் இலையின் நரம்பு அப்படியே இருந்தது. எரிந்த வேப்பிலை.

மில்லுக்குக் கிழக்கே வேப்பமரங்கள் இருப்பது ஒரே இடத்தில்தான். தணிக்கைக்குக் காட்டவென்று ஒவ்வொன்றிலும் பெயர்ப் பலகை தொங்கவிட்டிருக்கும் கல்லூரி மரங்கள்.

மஹ்ரீன் டப்பாவோடு சாரின் அறைக்குப் போனாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் வாசலிலேயே மறந்துபோயின. டப்பாவையும் லென்ஸையும் மட்டும் நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க. எங்க அத்தா மில்லு மேல விழுந்தது" என்றாள்.

அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து, புகை வாசனையைப் பிடித்துக்கொண்டு விடுதிக்குப் பின்னால் நடந்தார். மஹ்ரீன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தாள். அவர் எப்போதும் முன் வாசல் வழியாக வந்து முன் வாசல் வழியாகப் போகிறவர். சுற்றுச்சுவர் ஓரம் இலைக் குவியல் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. வளாகத்தைக் கூட்டும் செல்லக்கனி அக்கா நீளக் கம்பியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இதை யாரு எரிக்கச் சொன்னது?" என்று சார் கேட்டார்.

"ஆபீஸ்லதான் சார். தணிக்கைக்காரவுக வாராக, ஒரு சருகு கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னாக."

சார் அந்தப் புகை போகும் திசையைப் பார்த்தார். புகை சுவரைத் தாண்டி, ரயில் பாதைப் பக்கமாக, மில்லை நோக்கித்தான் போனது.

"அணைச்சிருங்கம்மா" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. பிறகு மஹ்ரீனிடம் திரும்பி, "உங்க அப்பாவை ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்க" என்றார்.

கமாலுதீன் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்துவிட்டு அந்த வெள்ளைச் சட்டையோடேயே வந்தார். இரண்டு பேரும் விடுதிக்குப் பின்னால் நின்று, எங்கே குழி வெட்டுவது, எத்தனை ஆழம் வேண்டும், சருகின் மேல் எதைப் போட்டால் சீக்கிரம் மட்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மட்குவதற்கு உளுந்தந்தொலி கலந்து பார்க்கலாமே என்று கமாலுதீன் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்குமா என்று சார் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை. ஒரு குழியில் கலந்தும் ஒரு குழியில் கலக்காமலும் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தணிக்கைக் குழு வந்தபோது குழிகள் மூடாமல் நாறிக்கொண்டுதான் இருந்தன. சார் அவர்களை அங்கேயும் அழைத்துப் போனார். அறிக்கையில் 'வெளியிலிருந்து வந்த மாசு' என்ற வரியை எடுத்துவிட்டு, காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் எதைக் கொண்டுபோகிறது என்பதை இரு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதியிருந்தார். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மழை விட்ட வேளையில், மஹ்ரீன் வகுப்பிலிருந்து வெளியே வந்ததும் போன் அடித்தது. அத்தா.

"கண்ணாடியைப் பாத்தேன்மா" என்றார். "இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

நல்ல செய்திதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. மஹ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் பொறுங்க அத்தா" என்றாள். "நாளைக்கு வேற பக்கம் வச்சுப் பாப்போம்."