பூட்டு கழற்றிய கதவு

என் மகனுக்கு வாலு என்று பெயர் வைத்தது தெருதான். சும்மா வைக்கவில்லை, அவ்வளவு சேட்டை. சைக்கிள் திருடிச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனவனைப் போன மாதம் நிபந்தனையோடு விட்டார்கள். இருட்டினால் வீட்டில் இருக்க வேண்டும். கண்காணிப்பு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஆள் இல்லையென்றால் மறுபடி உள்ளே.

நான் தையல் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறேன். ஒருநாள் மாலை ஷிப்டில் இருந்தபோது அதிகாரி போன் செய்தார்.

"கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சதும்மா. பையன் வீட்ல இல்ல. இன்னொரு தடவை இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு ஓடினேன். சாவி போட்டுத் திறந்தால் வாலு உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். முதுகில் ஒன்று வைத்தேன்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"இங்கதாம்மா இருந்தேன்."

"அப்ப ஏண்டா திறக்கல?"

"கதவை நாம தொடக்கூடாதும்மா. வார்டன் சார்தான் திறப்பாரு. தொட்டா அடி விழும்."

அடித்த கை எரிந்தது. மறுநாள் அதிகாரியிடம் சொன்னேன். "நல்லா கதை விடுறீங்கம்மா," என்று சிரித்தார்.

பழக்கிப் பார்த்தேன். வெளியே நின்று தட்டுவேன். கெஞ்சினேன், திட்டினேன், "மகாராஜா, கொஞ்சம் எழுந்து வாங்க," என்று கிண்டலும் செய்தேன். கதவுவரை வருவான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. கடைசியில் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பூட்டையே கழற்றி எறிந்தேன். திருடன் வந்தால் வரட்டும், என் பிள்ளை போகக்கூடாது.

என் விடுமுறை நாளன்று சாயங்காலம் அதிகாரி வந்தார். தட்டியதும் கதவு தானே விலகியது. எதிரே வாலு, கையைப் பின்னால் கட்டி, தலை குனிந்து.

"அட, இருக்கானே! எவ்வளவு பணிவு பாருங்க. எங்க பயிற்சி வீண் போகலம்மா."

"ஆமாங்க சார்," என்றேன். அவர் கையில்தானே என் பிள்ளை இருக்கிறான்.

அவர் போனபோது கதவை அப்படியே விட்டுவிட்டுப் போனார். இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலுக்கு நேரே பையன்கள் பந்து உதைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"போடா வாலு, இருட்டுறதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிட்டு வா."

திறந்த கதவுக்கு முன்னால் நின்று அவன் என்னைப் பார்த்தான்.

"யாரும்மா கூட்டிட்டுப் போவாங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்தேன்.