மாப்பிள்ளைத் தோழன்

றோட்டு வேலை ஓவசியர் ஆழ்வாப்பிள்ளையின் பழைய ஏ-40 கார் முருகேசுவின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, முருகேசுவின் மகள் பத்மாசினி குசினிக்குள் தேத்தண்ணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஓவசியர் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய்மாமன். பொருத்தம் பார்த்தாயிற்று, சீதனம் பேசியாயிற்று, ஆவணியில் நாளும் வைத்தாயிற்று. இனி இந்த மனிதருக்கு இங்கே என்ன அலுவல்? அளவெட்டியில் முப்பது வயதுவரை கலியாணம் ஆகாமல் இருந்தவளுக்கு, மாப்பிள்ளை வீட்டுக் கார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் நெஞ்சு இடிக்கத்தான் செய்யும்.

ஓவசியர் கதிரையில் இருந்தார். சால்வையை மடித்து மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார். பெரிய மனிதர்கள் ஒரு சின்னத்தனம் செய்ய வெளிக்கிடும்போது முதலில் தொண்டையைத்தான் சரிசெய்வார்கள்.

"முருகேசு, கலியாணத்திலை உன்ரை மகன் தோழனாய் நிக்க வேண்டாம்."

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவான். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சபைக்கு நடுவாலே மணவறைக்குக் கூட்டிவந்து, சடங்கு முடியும்வரை பக்கத்தில் இருப்பான். தம்பி இல்லாத வீட்டார் இரவல் தம்பி தேடுவார்கள். தம்பி இருக்கும்போதே இரவல் தேடினால், இருப்பவனை உயிரோடு இல்லாமல் ஆக்குகிறோம் என்று அர்த்தம்.

"ஏன் ஓவசியர்?" என்று முருகேசு கேட்டார். அவருக்கு ஏன் என்று நன்றாகத் தெரியும்.

மகன் சீவரத்தினத்துக்கு ஊரில் முன்பு நாலைந்து பேர்கள் இருந்தன. கிணற்றடியில் தண்ணி இறைக்கிற மெசின்களைத் திருத்துகிறவன் என்பதால் தோட்டக்காரருக்கு அவன் மெசின்காரத் தம்பி. பொடியன்களுக்கு வொலிபோல் கப்டன். செத்தவீட்டில் பாடை கட்ட, கலியாண வீட்டில் பந்தல் போட, முதலில் வந்து நிற்கிற சீவம். சித்திரை மாதம் வெங்காயக் கொட்டிலுக்குள் அவனையும் வட்டுக்கோட்டைச் செல்வநாயகத்தையும் யாரோ ஒருவர் கண்டாராம். கண்டவர் ஒருவர், கண்டதுபோல் கதைத்தவர்கள் ஊர் முழுக்க. செல்வநாயகத்தை அவன் வீட்டார் அடுத்த கிழமையே கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். சீவரத்தினம் ஊரில் நின்றான். அவனுடைய பேர்கள் எல்லாம் போய் ஒரே ஒரு பேர் மிஞ்சியது. அதையும் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. அவன் கடந்து போனபிறகு ஒரு இருமல், கடைவாய்க் கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். வொலிபோல் கோஷ்டிக்குத் திடீரென்று ஆட்கள் போதுமாகிவிட்டார்கள். செத்தவீட்டில் அவன் கை பட்டால் பாடைக்குத் தீட்டாம்.

கிணற்றடி மெசின் மட்டும் இந்த ஒழுக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. கப்பலில் வருகிற வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கம் நிறுத்தி, தோட்டக்காரர் மடியில் காசு புரண்ட காலம் அது. மெசின் நின்றால் மானமும் நின்றுவிடும். பின்பக்கத்துப் படலைக் கதவால் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வேலை முடிந்ததும் மானம் திரும்பி வந்துவிடும். அவனுக்குத் தேத்தண்ணி மட்டும் கோப்பையில் இல்லாமல் தேங்காய்ச் சிரட்டையில் வரும்.

பத்மாசினிக்குத் தம்பியைப் பற்றி ஊருக்கு முன்பே தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. செல்வநாயகம் வருகிற நாட்களில் அவன் முகம் விடிந்திருப்பதைப் பார்த்துத் தெரிந்தது. அவளுக்கு அதில் ஆச்சரியம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. அருவருப்பு இருக்கவில்லை.

"சபைக்கு முன்னாலை அவன் மாப்பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வரேக்கை சனம் என்ன நினைக்கும் எண்டு யோசிச்சியோ?" என்றார் ஓவசியர்.

முருகேசு நிலத்தைப் பார்த்தார். "அண்ணையின்ரை மகன் ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கேக்கலாம்."

பெற்ற மகனைக் கைவிட முருகேசுவுக்குப் பால் கொதிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. பத்மாசினி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் கிணற்றடியிலிருந்து சீவரத்தினமும் வந்துவிட்டான். கையெல்லாம் எண்ணெய்க் கறை.

"அக்கா, நான் அண்டைக்கு எங்கையாவது போறன். எனக்கு ஒண்டுமில்லை," என்றான்.

அவளுக்கு ஓவசியர் மேல் வந்த கோபத்தைவிட அவன் மேல்தான் கூடக் கோபம் வந்தது. "ஏன் போறாய்? உவர் சொல்லுறதை ஒத்துக்கொண்டோ போறாய்?"

சீவரத்தினம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். "பொய் எண்டு சொல்ல மாட்டன். அதுவும் நான்தான். அது மட்டுந்தான் நான் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?"

ஓவசியர் காதைப் பொத்தாத குறை. "கேட்டியோ முருகேசு, வாயாலையே சொல்லுறான்."

"ஐயா, ஊருக்கு நீங்கள் ஆர்?" என்று கேட்டாள் பத்மாசினி.

"உதென்ன கேள்வி பிள்ளை."

"ஓவசியர். கோயில் தர்மகர்த்தா. எங்கடை ஒழுங்கைக்குத் தார் போட்டவர். அச்சுவேலியிலை மரியநாயகி அக்கா வீட்டிலையும் உங்களுக்கு இராச் சோத்துக்கு உலை வைக்கினம் எண்டு ஊருக்கெல்லாம் தெரியும். அதை ஆரும் உங்கடை பேராக்கேல்லை. படுக்கிற பாயை வீட்டிலை வைச்சிட்டுத்தான் நீங்கள் கோயிலுக்குப் போறியள். என்ரை தம்பி மட்டும் தன்ரை பாயைச் சுருட்டித் தலையிலை வைச்சுக்கொண்டு ஊர் சுத்தவேணுமோ?"

"அது வேறை," என்றார் ஓவசியர்.

"என்ன வேறை எண்டு சொல்லுங்கோ."

அவர் எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"என்ரை தம்பிதான் கால் கழுவுவான். அவன் கழுவக் கூடாதெண்டால் அந்தக் காலே இந்த வாசலுக்கு வரவேண்டாம்," என்றாள் பத்மாசினி.

தாய் பாலேஸ்வரி குசினிக்குள் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. கார் புகை கக்கிக்கொண்டு போனது, கலியாணப் பேச்சும் அதோடு நின்றது.

அவள் கலங்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மாப்பிள்ளையின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தவள் அவள். அவனுக்கு அந்த நெற்றி வடிவு என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள். மாமன் சொன்னால் சொல்லட்டும், அவனாவது ஒரு வார்த்தை அனுப்புவான் என்று ஆனி மாதம் முழுக்கப் பார்த்திருந்தாள். வங்கியில் வேலை, நாலு பேரை ஏவுகிற அதிகாரம். மாமனுக்கு முன்னால் மட்டும் மாப்பிள்ளைக்கு வாய் இல்லை போலிருக்கிறது. ஒருநாள் படத்தை எடுத்து அடுப்பில் போட்டாள், போட்டுவிட்டு அழுதாள்.

ஆடி வெயிலில் ஓவசியரின் தோட்டத்து மெசின் நின்றது. பட்டணத்துத் திருத்தக்காரன் அடுத்த கிழமைதான் வருவானாம். வெங்காயம் அதுவரை பொறுக்காது. வேறு யாரையாவது அனுப்பினால் சீவரத்தினம் வரமாட்டானோ என்ற பயத்தில் ஓவசியரே வந்து, இந்தமுறை காரை ஒழுங்கை முடக்கில் விட்டுவிட்டுப் படலையடியில் நின்றார்.

"மெசின்காரத் தம்பி நிக்கிறாரோ?"

என்ன மரியாதை, என்ன பவ்வியம். பத்மாசினி படலைக்கு வந்தாள். ஊர்வம்பு, விடுப்புக் கேட்க ஆசைப்பட்டு அக்கம்பக்கத்துத் தலைகள் வேலிக்கு மேலே எழும்பிவிட்டன.

"மெசின்காரத் தம்பி எண்டு இஞ்சை ஆருமில்லை," என்றாள். "அந்தப் பேரை அழிச்சது நீங்கள். வேறை பேர் வைச்சிருக்கிறியள்தானே, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வருவான்."

ஓவசியர் தொண்டையைச் செருமினார். வேலித் தலைகளைப் பார்த்தார். குசினிக்குக் குசினி, கோயில் வீதிக்கு வீதி ஓடித் திரிந்த அந்தப் பேர், பட்டப்பகலில் சொந்தக்காரனின் படலையில் அவர் வாயிலிருந்து வர மறுத்தது.

"பிள்ளை, வெங்காயம் வாடுது," என்றார்.

சீவரத்தினம் மெசின் திருத்துகிற சாவிப் பெட்டியோடு வெளியே வந்தான். அக்காவை ஒருதரம் பார்த்தான். பிறகு எண்ணெய் பிடித்த வலது கையை ஓவசியருக்கு முன்னால் நீட்டினான்.

"வாறன் ஐயா. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஓவசியர் அந்தக் கையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். வெங்காயத்தை நினைத்திருப்பார், ஏனென்றால் முகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. பிறகு அந்தக் கையைப் பிடித்தார்.

வெள்ளை வேட்டிக்காரரும் எண்ணெய்க் கைக்காரனும் கைகோத்துக்கொண்டு, ஊர் பார்க்க, முடக்கில் நின்ற கார்வரைக்கும் நடந்தார்கள். ஒருவரும் இருமவில்லை. தன் கலியாணத்தில் நடக்கவிடாததை அந்த மனிதர் நாலு பாத்தி வெங்காயத்துக்காக நடத்திக்காட்டுவதைப் பத்மாசினி படலையில் நின்று கடைசிவரை பார்த்தாள்.