பெயர் சொல்லாத சாட்சி

முகம் தெரியாது, பெயர் வராது, குரலையும் மாற்றிவிடுவார்கள் என்று யசோதினி அங்கம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டாள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அதனால் பஸ் ஏறி வந்து, லுணுகலையில் ஜஸீலின் போன் கடை மாடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீதான் இருக்கியே பாப்பா, அப்பறம் என்ன பயம்?" என்றாள் அங்கம்மா. "வெள்ளக்காரங்களுக்கு நம்ம பேச்சு வெளங்குமா?"

"நான் எடுத்துச் சொல்லுவேன் அத்தை."

"அப்ப நான் யாரயாச்சும் வஞ்சாலும் மரியாதையாச் சொல்லிரு."

அங்கம்மா கொழுந்து எடுப்பவள். யசோதினி அதே லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை அறைகளில் ஒன்றில், பிறந்து பல்கலைக்கழகம் போனவள். லயத்துக்கு மேலே மலை வெடித்துக் கிடப்பதையும், அதைப் பற்றி வாய் திறந்தவர்களைத் தோட்ட நிர்வாகம் மிரட்டியதையும் அவளுடைய விரிவுரையாளர் இரகுநாதன் ஆய்வாக எழுதினார். கைவிடச் சொன்னார்கள். மறுத்தார். தொழிலாளர் யாரும் பேசவேயில்லை, எல்லாம் அவர் கட்டிய கதை என்று பல்கலைக்கழகம் அவரை இடைநிறுத்தி, அறையையும் பூட்டிவிட்டது.

இப்படி மாட்டிக்கொள்ளும் ஆய்வாளர்களுக்காகப் பல நாட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். ஆய்வுக்குப் பேசிய ஒருவராவது எங்கள் முன்னால் பேசட்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அங்கம்மா மட்டும்தான் சம்மதித்தாள்.

திரையில் முகங்கள் வந்தன. தொடங்கலாம் என்றார்கள். அங்கம்மா முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நூத்திப் பன்னெண்டு," என்றாள். பிறகுதான் பேச ஆரம்பித்தாள். வெடிப்பில் கை நுழைகிறது, மழை பெய்தால் அடுப்படிச் சுவரில் சேற்றுத் தண்ணீர் கசிகிறது, வெளியே சொன்னால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவோம் என்றார்கள். ஒன்றையும் விடவில்லை.

அந்த எண்ணை யசோதினி மொழிபெயர்க்கவில்லை. அவள் காதில் அது விழவே இல்லை. காலையில் பெரட்டில் வேலை பிரிக்கும்போதும், மாலையில் கொழுந்து நிறுக்கும்போதும் தோட்டத்தில் எவரும் முதலில் பதிவேட்டில் தங்களுக்குள்ள எண்ணைத்தான் சொல்வார்கள். எழுதுகிறவன் முன்னால் போய் நின்றால் அது தானாக வரும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். பீலியில் தண்ணீர் விழுவதை யார் கவனிக்கிறார்கள்?

குழு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. முகத்தை மறைத்தது, குரலை மாற்றியது, வீடியோவை உலகத்துக்கே போட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதம் எழுதின. இடைநிறுத்தம் ரத்தானது.

விடுமுறைக்கு வந்திருந்த யசோதினி, ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு மேலே ரோட்டில் நின்றாள். கங்காணி ரெங்கசாமி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதின்மூன்று.

அங்கம்மா கூடையோடு முன்னால் போனாள். "கங்காணி, என்னைய விட்டுட்டீங்க."

ரெங்கசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பேர வெட்டியாச்சு. போன்ல வந்த வீடியோவுலதான் அம்புட்டுத் தெளிவாச் சொன்னியே. தொரைகிட்டப் போய்க் கேளு. ரூமையும் விடணுமாம்."

அவள் மேலே ஏறி வந்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான். "நான் எம் பேரச் சொல்லலியே பாப்பா?"

"இல்ல அத்தை. சொல்லல."

யசோதினி லுணுகலைக்கு வந்து இரகுநாதனைக் கூப்பிட்டாள். அவர் முந்திக்கொண்டார். "பிள்ளை, வெண்டிட்டம்! அறைத் திறப்பையும் தந்திட்டினம்."

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தக் குழுவத் தோட்டத்துக்கும் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்க சார்."

"கேட்டுப் பாக்கிறன். ஆனா அவை பல்கலைக்கழகங்களுக்காகச் சேந்த ஆக்கள், பிள்ளை. விரிவுரையாளர், மாணவர் எண்டாத்தான் தலையிடலாம். உங்களுக்கு ஒண்டெண்டா உடன வருவினம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீடியோவை எடுக்கச் சொல்லுறன்."

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். மன்னிப்பும் கேட்டிருந்தார்கள்.

அவள் லயத்துக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. அங்கம்மா பாத்திரங்களை, கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படிச் சுவரில் சேற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம சாருக்கு வேல கெடச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"கெடச்சிருச்சு அத்தை."

"அது போதும். இந்த முடிச்சக் கொஞ்சம் இழுத்துப் புடி."

யசோதினி பிடித்தாள்.