டென்மார்க்கில் பதிவான கலாராணி

பதுளை நீதிமன்றத்துக்குப் பின்பக்கப் படிகளில் ஏறினால் என் கந்தோர் வரும். வாசலில் 'சட்டத்தரணி ஷம்ரா' என்று பலகை தொங்கும். தாபரிப்பு வழக்கு, வேலிச் சண்டை, முச்சக்கரவண்டி விபத்து, இவைதான் என் பிழைப்பு. ஆனால் பலகையின் கடைசி வரியில் 'சர்வதேச வணிகச் சட்டம்' என்றிருக்கும். அது பலகை எழுதியவனின் கைவண்ணம். கீழே இடம் மிச்சம் கிடக்கிறது மிஸ், சும்மா விட்டால் பார்வையாக இருக்காது என்றான். பதுளையில் அதைக் கேட்டு யார் வரப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வரியை நம்பி ஒரு நாள் காலையில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். என் எழுதுவினைஞர் றவூப் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து, "விஜயலெட்சுமி!" என்று கூப்பிட்டார். அவள் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அந்த விஜயலெட்சுமி எங்கே இருக்கிறாள் என்று அவளும் சேர்ந்து சுற்றுமுற்றும் தேடினாள். அறையில் அவளைத் தவிர இருந்தவை காலி நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும்தான்.

"அட, நாந்தானே!" என்று எழுந்தாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ். அட்டையில அப்புடித்தான் இருக்கு. நான் பொறந்தப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியில யாரோ அப்புடி எழுதிட்டாங்க. கோயில்ல வச்ச பேரு கலாராணி. அதச் சொன்னாத்தான் எனக்குத் தலை திரும்பும்."

"சரி, என்ன பிரச்சினை?"

"அந்தப் பேர டென்மார்க்காரங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க மிஸ்."

கதை இதுதான். கலாராணி கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நாரத்தங்காய் ஊறுகாய் போட ஆரம்பித்தாள். போத்தலில் தன் பெயரையே ஒட்டினாள். தெமோதரையின் ஒன்பது வளைவு ரயில் பாலம் பார்க்க வந்த டென்மார்க் சோடி ஒன்று அதைத் தின்று கண்ணில் நீர் வழிய ஊருக்குக் கொண்டுபோனது. கொஞ்ச நாளில் அங்கிருந்து ஒரு கம்பனி ஒப்பந்தம் அனுப்பியது. ஊறுகாய் கப்பல் ஏறியது. அந்தக் குளிரில் அதை எதற்கு, எதோடு தின்கிறார்களோ தெரியாது, நன்றாக விற்றது. விற்பதைக் கண்டதும் கம்பனி 'கலாராணி' என்ற பெயரைத் தன் வணிகக் குறியாக அங்கும் இங்கும் பதிந்துகொண்டது.

அவள் நீட்டிய கடிதத்தை வாசித்தேன். இனிமேல் கலாராணி என்ற பெயரை எந்த வியாபார இடத்திலும் எழுத்தாலோ ஒலியாலோ அவள் தரப்பினர் பயன்படுத்தக் கூடாதாம். தேவையென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறலாமாம். பெற்றெடுத்தவர்களே கோபன்ஹேகனுக்கு விண்ணப்பம் போட்டுத்தான் மகளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆனாலும் சட்டத்தரணி என்றால் நிதானம் வேண்டுமல்லவா? நிதானமாக யோசித்துத்தான் அந்த முட்டாள்தனமான ஆலோசனையைச் சொன்னேன்.

"ஊறுகாய் எங்கே போடுறீங்க?"

"லயத்து அடுப்புலதான்."

"அப்படியென்றால் சட்டப்படி லயம் வியாபார இடம். வழக்கு முடியும்வரைக்கும் லயத்தில் யாரும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரு மீறல் என்று எழுதுவார்கள்."

தோட்டத் தலைவர் முருகையா மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் போக எல்லோரும் கூடி நின்ற இடத்தில், இதை அறிவித்தார். மலையக மக்களுக்குச் சட்டம் என்றால் பயம் உண்டு. அதைவிட, கலாராணி மேல் பாசம் உண்டு. ஒருவர் விடாமல் கடைப்பிடித்தார்கள். 'ஊறுகாக்காரி' என்றார்கள். அதிலும் மீறல் இருக்குமோ என்று பயந்து 'அந்த வீட்டு ஆளு' என்றார்கள். பிறகு வெறும் 'அவ' என்றார்கள். அவளுடைய கணவர் கிருஷ்ணராஜுக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் மனைவியை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்.

கலாராணி அடுத்த முறை வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது.

"என்னால முடியல மிஸ். பக்கத்துலயே நிக்கிறேன், 'அவ வந்தா, அவ போனா'ன்னு பேசுறாங்க. செத்தவளப் பத்திப் பேசுற மாதிரியே இருக்கு. ஊறுகா போனாப் போகட்டும். பேர மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

தகராறு வந்தால் தீர்க்கும் இடம், தீர்க்கும் முறை என்று கம்பனி இரண்டு கோடுகளை வெறுமையாக விட்டிருந்தது. முதல் கோட்டில் 'கீழ் டிவிசன் மாரியம்மன் கோயில்' என்றும், இரண்டாவதில் 'சூடம் அணைத்துச் சத்தியம்' என்றும் இங்கிலீஷ் எழுத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தது. கீழே கம்பனித் தலைவரின் கையொப்பம்.

"இதை யார் எழுதினது?"

"நாந்தான். எங்க தகராறெல்லாம் அங்கதானே மிஸ் தீரும்? கோழி காணாமப் போனாலும் அங்கதான். கேட்டிருந்தாங்க, உள்ளத எழுதி அனுப்பினேன். அப்புறந்தான் அவங்க கையெழுத்துப் போட்டாங்க."

கோபன்ஹேகனில் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை! இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடம், ஒப்புக்கொண்ட முறை. மீறினால் அவர்கள்தான் குற்றவாளிகள். அன்றே எழுதிப் போட்டேன். சிரித்துவிட்டுக் குப்பையில் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெள்ளைக்காரன் கையொப்பம் போட்டதை மதிக்கிறவன். 'மாரியம்மன் நடுவர் மன்றத்தின் நடைமுறை விதிகளை அனுப்பி வைக்கவும்' என்று பதில் வந்தது.

முருகையாவிடம் கேட்டு விதிகளை அனுப்பினேன். செருப்போடு வரக் கூடாது. முந்தின நாளே மாமிசத்தை நிறுத்த வேண்டும். சாவு, பிள்ளைப்பேறு என்று துடக்கு உள்ள வீட்டுக்குப் போய்விட்டு வரக் கூடாது. கம்பனியின் சட்டத்தரணி ஹென்றிக், பிணக்குத் தொடங்கிய நாளிலிருந்தே தான் மாமிசம் தொடவில்லை என்று உறுதிப் பத்திரம் அனுப்பினார்.

குறித்த நாளில் கறுப்புக் கோட்டோடு தெமோதரை ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக் காலுறையோடு நின்றவரை, அதையும் கழற்றச் சொல்லி முருகையா கைகாட்டினார். தோட்டமே திரண்டிருந்தது. நான் மொழிபெயர்த்தேன்.

முதலில் இரு தரப்புக்கும் அர்ச்சனை. பூசாரி ஹென்றிக்கிடம், "யாரு பேருக்கு?" என்றார்.

"கம்பனியின் பெயருக்கு."

"நட்சத்திரம்?"

ஹென்றிக் தன் கோப்பைப் புரட்டி, கம்பனி பதிவான தேதியையும் நேரத்தையும் சொன்னார். பூசாரி பஞ்சாங்கத்தை விரித்து விரல் விட்டுப் பார்த்து, "கேட்டை. கொஞ்சம் முரட்டு ஆளாத்தான் இருக்கும்" என்றார். ஹென்றிக் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்து, "நம்ம அவளுக்கு" என்று மட்டும் சொல்லி, பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து பூசாரி மணியடித்தார். அம்மன் முன்னாலும் நான் போட்ட தடை செல்லுபடியானது.

முருகையா எழுந்து முறையைச் சொன்னார். "பொருளு என்னுதுன்னு சொல்றவங்க முன்னுக்கு வந்து, 'இது எனக்குச் சொந்தம், பொய்யின்னா ஆத்தா கேக்கட்டும்'னு சொல்லி, எரியிற சூடத்தக் கையால அடிச்சு அணைக்கணும். அணைக்க மாட்டேன்னா தோத்ததா அர்த்தம். மொதல்ல கம்பனி."

தட்டில் சூடம் எரிந்தது. ஹென்றிக் கையைத் தூக்கினார், அணைக்க அல்ல, கேள்வி கேட்க.

"பொய்யாக இருந்தால் என்ன நடக்கும்?"

"அம்மை போடும். இல்லாட்டி கை கால் வராமப் போகும்," என்றார் முருகையா.

"யாருக்கு? எனக்கா, கம்பனிக்கா?"

முருகையா யோசித்தார். நியாயமான கேள்விதான். "கம்பனிக்குக் கை கால் இருக்கா?"

"இல்லை. பங்குதாரர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில்."

"அப்ப ஆத்தா ஒவ்வொரு நாடாப் போகணுமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கவலைப்பட்டார். பங்குக்குத் தக்கபடி அம்மை பிரித்துப் போடப்படுமா என்று ஹென்றிக் கேட்டார். பூசாரியும் முருகையாவும் தனியே போய்ப் பேசினார்கள். அப்படி ஒரு வழக்கு முன்னால் வந்ததில்லை என்று திரும்பி வந்து சொன்னார்கள்.

ஹென்றிக் அவகாசம் கேட்டார். கோயிலில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தாங்கி மேல் ஏறி நின்று கோபன்ஹேகனோடு பேசினார். அதுவரைக்கும் பூசாரி சூடம் அணையாமல் கட்டி கட்டியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். இறங்கி வந்தவரின் முகம் வெளிறியிருந்தது. தெய்வச் செயலால் வரும் நட்டத்துக்குத் தங்கள் காப்புறுதியில் இடமில்லையாம். ஆகவே தன்னால் அணைக்க முடியாதாம்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் மனுசன் கெட்டிக்காரன். "பொறுங்கள்," என்றார். "அந்த அம்மாவும் அணைக்க வேண்டும் அல்லவா? அவருடைய அடையாள அட்டையில் விஜயலெட்சுமி என்று இருக்கிறது. கலாராணி என்று ஒருவர் இலங்கை அரசாங்கத்தின் எந்தப் பதிவிலும் இல்லை. இல்லாத ஒருவர் எதன் மேல் சத்தியம் செய்வார்?"

அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன், அதுதானே என் வேலை.

கலாராணி தட்டுக்கு முன்னால் வந்தாள். கையைத் தூக்கினாள். சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு சொல்றது நெசந்தானே மிஸ்? கவுருமெண்டுல நான் வேற ஆளு. ஆத்தாகிட்ட எப்புடிப் பொய் சொல்லுறது?"

"அது பொய்யில்லை," என்றேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் என்னயக் கூப்பிட மாட்டேங்கிறீங்க?"

அவள் கையை இறக்கினாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு கோயில் படிகளில் இறங்கி, றோட்டுப் பக்கமாக வேகமாக நடந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து லொறி பின்பக்கமாக இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. முந்தானைக்குள் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

தோட்டமே கத்தியது. "ஏய்! லொறி!" என்றார்கள். "அவள, அவளப் பாருங்க!" என்றார்கள். "இந்தா! இந்தா!" என்று கிருஷ்ணராஜ் தொண்டை கிழியக் கத்தினார். தோட்டத்தில் இருக்கும் எல்லாப் பெண்ணும் யாரோ ஒரு புருசனுக்கு 'இந்தா'தான். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் தெரியுமா? "விஜயலெட்சுமி!" அட்டையில் இருந்தது அதுதானே. அவள் திரும்பவில்லை. லொறி அவள் முதுகுக்கு வந்துவிட்டது.

"கலாராணி!"

அவள் சட்டென்று தலையைத் திருப்பினாள். லொறியைக் கண்டாள். றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் பாய்ந்து விழுந்தாள். லொறி அவள் நின்ற இடத்தின் மேல் ஏறிப் போய் நின்றது.

கத்தியது ஹென்றிக். வெறுங்காலோடு படிகளின் பாதிவரைக்கும் ஓடியிருந்தார். இரண்டு பெண்கள் கலாராணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கை சிராய்த்திருந்தது, வேறொன்றும் இல்லை. நான் போட்ட தடை அவளைக் கொன்றிருக்கும்.

முருகையா தொண்டையைச் செருமினார்.

"தொரை, இப்ப யாரக் கூப்பிட்டீங்க?"

நான் மொழிபெயர்த்தேன். ஹென்றிக் கோட்டைச் சரிசெய்தார். கம்பனியின் சட்டத்தரணியாக என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கலாராணியைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார்.

"நான் என் கம்பனியைக் கூப்பிடவில்லை," என்றார்.

அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கலாராணி தட்டுக்கு முன்னால் வந்துவிட்டாள். "கலாராணி நாந்தான். பொய்யின்னா ஆத்தா கேக்கட்டும்!" படாரென்று உள்ளங்கையால் அடித்தாள். சூடம் அணைந்தது.

தீர்ப்பை முருகையா அங்கேயே சொன்னார். பெயரைக் கம்பனி எல்லா நாட்டிலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிழை தீர அம்மனுக்குக் கம்பனி பெயரில் தேங்காய் உடைக்க வேண்டும். தீர்ப்பை இங்கிலீஷில் எழுதி நான் முத்திரை குத்தினேன். ஹென்றிக் தேங்காயை ஓங்கி அடித்தார். முதல் அடியில் அது உடையாமல் உருண்டு ஓடியது. "கேட்டை நட்சத்திரம்ல," என்றார் பூசாரி.

கூட்டம் கலைந்தபோது கலாராணி படியில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணராஜ் ஒரு சட்டியில் தண்ணீரோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். சின்னப் பையனைப் போல அவருக்கு முகம் சிவந்துபோனது.

"கலாராணி," என்றார், "கையக் காட்டு."

அவள் தலை உடனே திரும்பியது. கண் நிறையத் தண்ணீரோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, புதுசா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.